வள்ளக் கூலி

கடற்கரைத் தெரு,
திருகோணமலை.
22.2.1942

அன்புள்ள அத்தானுக்கு,

யோகம் எழுதுவது. நானும் மாமியும் சுகம். வயிற்றுக்குள் இருப்பவரும் சுகம்தான். நான் கொஞ்சம் சரிந்தால் போதும், எழும்பி நின்று உதைக்கிறார். கொழும்புச் சாப்பாட்டில் நீங்கள் மெலியாமல் இருக்கவேண்டும் என்று மாமி கோணேசருக்கு நேர்ந்திருக்கிறா.

சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்த நாள் முதல் ஊர் ஊராக இல்லை. வண்டில் உள்ளவர்கள் வண்டிலில், இல்லாதவர்கள் தலையில் பெட்டியோடு போய்க்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் தெருவில் மட்டும் பதினொரு வீடு பூட்டிக் கிடக்கிறது. துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களைத் தேடி யப்பான்காரன் வரத்தான் போகிறான், கப்பலுக்குப் போடுகிற குண்டு எங்கள் கூரையைக் கண்டு விலகிப் போகுமா என்று கேட்கிறார்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது அத்தான்.

தலைப்பிள்ளைப் பேற்றுக்கு எப்படியும் திரியாய்க்கு அம்மாவிடம் போகவேண்டியவள்தானே. இப்போதே போய்விடுகிறேன் என்றால் மருத்துவிச்சி வண்டிலில் ஏறவே கூடாது என்கிறா. ஐந்தாம் மாதத்தில் எனக்கு உதிரம் கண்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். "நிலாவெளி மணல் றோட்டில வண்டிலைப் போட்டுக் குலுக்கினா, பிள்ளையை வழியிலதான் பெறுவாய்" என்று முகத்துக்கு நேரே சொன்னா. ஆகவே வள்ளம் ஒன்றுதான் வழி. கிண்ணியா வள்ளக்காரர் அப்துல் மஜீத் காக்கா போன வருஷம் ஐந்து ரூபாவுக்கு எங்களைத் திரியாயில் இறக்கினவர். இப்போது முப்பது கேட்கிறார்.

வீட்டு அலுமாரியில் நாற்பது ரூபா பூட்டிக் கிடக்கிறது. அது நீங்கள் எழுதப்போகிற சோதனைக்கான கட்டணம் என்று எனக்குத் தெரியும். அலுமாரித் திறப்பு மாமியின் இடுப்பில். "என்ர பிள்ளை ஒரு சொல் எழுதட்டும், உடனை எடுத்துத் தாறன். அவன் படிக்கிறதே விலைவாசிப் படிப்புத்தானே" என்கிறா. ஓம் என்று எழுதிவிடுங்கள். மாமிக்கு எழுத்துத் தெரியாதபடியால் உங்கள் கடிதமெல்லாம் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். என்னைப்பற்றிக் குறும்பு ஏதும் எழுதுவதானால் தயவுசெய்து வேறு தாளில் எழுதுங்கள்.

உங்கள்
யோகம்


கொழும்பு.
27.2.1942

அன்பின் யோகம்மாவுக்கு,

உமது கடிதம் கண்டேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லும். குறும்பு எழுத நேரமில்லை. அவ்வளவு படிப்பு.

நீர் கேட்டது நல்ல நேரத்தில் கேட்ட கேள்வி. இந்த மாதம் முழுவதும் எங்களுக்கு விலை எப்படி உண்டாகிறது என்ற பாடம்தான் நடக்கிறது. உமக்கு விளங்கட்டும் என்று கீழே இரண்டு கோடு கீறியிருக்கிறேன். மேலிருந்து சரிந்து இறங்குவது வாங்குகிறவர்களின் கோடு. விலை கூடக்கூட வாங்க வருகிறவர் குறைவார்கள். கீழிருந்து ஏறுவது விற்கிறவர்களின் கோடு. விலை கூடினால் விற்க வருகிறவர் கூடுவார்கள். இரண்டும் சந்திக்கிற இடத்தில் விலை போய் நிற்கும். யாரும் பிடித்து நிறுத்தவேண்டியதில்லை.

இப்போது ஊரெல்லாம் ஒரே கிழமையில் வள்ளம் கேட்கிறது. அதனால் கூலி துள்ளிவிட்டது. ஐந்து ரூபா முப்பதாகிவிட்டது என்ற கதை மூதூர், சல்லிக் கரைகளுக்கும் போய்ச் சேரட்டும். மீனுக்குப் போகிற வள்ளமெல்லாம் ஆள் ஏற்ற வந்து நிற்கும். அப்போது மஜீத் காக்காவே பத்து ரூபாவுக்கு இறங்கி வருவார். இன்றைக்கு முப்பது கொடுப்பவர்கள் பதறிக் கொடுப்பவர்கள். நீர் பதறவேண்டாம். மூன்று நாலு கிழமை, கூடினால் ஒரு மாதம் பொறும்.

சோதனைக் கட்டணத்தை நினைத்து எழுதுகிறேன் என்று எண்ணாதேயும். நினைக்கவே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஏப்ரல் பதினைந்துக்குள் கட்டாவிட்டால் எனக்கு ஒரு வருஷம் போய்விடும். கந்தோர்க் கிளார்க் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவனுக்கு ஒரு வருஷம் என்பது சின்ன விஷயமல்ல.

அன்புடன்
கோணாமலை


கடற்கரைத் தெரு,
திருகோணமலை.
7.3.1942

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கோடுகளைப் பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸா அக்காவுக்குக் காட்டினேன். "இதென்ன புள்ள, கத்தரிக்கோலா?" என்று கேட்டா. கோபிக்கவேண்டாம், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் இரவு முழுக்க யோசித்துப் பார்த்தேன், நீங்கள் சொல்ல வருவது விளங்கியது. பலாப்பழம் மலிகிற கதைதானே அது. எல்லாரும் கொண்டுவந்து குவித்தால் விலை விழும். ஓம், சரி.

வள்ளம் பலாப்பழம் இல்லை அத்தான். கண்ணால் காண்பதை எழுதுகிறேன். விடிய மூன்று வள்ளம் ஆளேற்றிக்கொண்டு போனால் பின்னேரம் ஒன்றுதான் திரும்பி வருகிறது. மற்ற இரண்டு வள்ளக்காரர்களுக்கும் பெண்சாதி பிள்ளை இல்லையா? போன இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். பெரிய வள்ளங்களை அரசாங்கம் துறைமுக வேலைக்கென்று பதிந்து எடுத்துவிட்டது. மிச்சம் இருந்த பொடியன்மாரும் நல்ல சம்பளம் என்று அங்கே கூலிக்குப் போகிறார்கள். கூலி கூடக்கூட வள்ளம் குறைகிறது. உங்கள் ஏறுகிற கோடு இங்கே இறங்குகிறது. மஜீத் காக்கா இப்போது நாற்பது என்கிறார்.

இதையெல்லாம் மாமிக்குச் சொன்னேன். "கொழும்பில படிச்ச ஆக்கள் சொல்லுறது பிழையோ, நீ சொல்லுறது பிழையோ?" என்று ஒரே கேள்வி கேட்டா. 

ஒருக்கால் வந்து போக ஏலாதா? ஒரு நாள் போதும். நீங்கள் வந்து நின்றால் எனக்குப் பயம் தெரியாது. குண்டு விழுந்தால் ஒளிய வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டியிருக்கிறோம். இந்த வயிற்றோடு அதற்குள் இறங்கிப் பார்த்தேன், பிறகு ஏற முடியவில்லை. மாமி கயிறு போட்டு இழுத்தா. சிரிக்காதீர்கள்.

உங்கள்
யோகம்


கொழும்பு.
13.3.1942

அன்பின் யோகம்மாவுக்கு,

நீர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். கெட்டிக்காரி நீர். எங்கள் வகுப்பில் சிலருக்கு இவ்வளவு தூரம் யோசிக்கத் தெரியாது. ஆனால் நீர் காண்பது ஒரு கிழமைக் கதை. விற்கிறவர்கள் உடனே வந்து சேரமாட்டார்கள், அதற்குக் காலம் எடுக்கும் என்று பாடத்திலேயே இருக்கிறது. நீண்ட காலத்தில் எல்லாம் தன் இடத்துக்கு வந்துவிடும். நாற்பது என்று ஏறியிருக்கிறதென்றால் உச்சிக்கு வந்துவிட்டது என்றே அர்த்தம். உச்சியில் வாங்குகிறவன் மடையன்.

இந்த மாதக் கடைசியில் விலையைப்பற்றி ஒரு கட்டுரை கொடுக்கவேண்டும். அதை முடித்தபிறகு வரப் பார்க்கிறேன். இப்போது வந்தால் எல்லாம் குழம்பிவிடும். அம்மாவிடம் திறப்பு இருப்பது எனக்கு நிம்மதி. குழிக்குள் இறங்கவேண்டாம். சிரிக்கத்தான் செய்தேன், மன்னியும்.

அன்புடன்
கோணாமலை


கடற்கரைத் தெரு,
திருகோணமலை.
25.3.1942

அன்புள்ள அத்தானுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். அந்தமானையும் யப்பான்காரன் பிடித்துவிட்டானாம்.

இன்று காலை மஜீத் காக்கா தானாகவே வாசலுக்கு வந்தார். என் வயிற்றைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். "புள்ள, எனக்கு நாப்பதும் வேணாம் முப்பதும் வேணாம். இருவது தா. பாய்க் கயிறு வாங்கோணும், அவ்வளவுதான். முதலாந் தேதி விடிய கரையில நிப்பன். உன்னைத் திரியாயில எறக்கிப்போட்டு என்ர பொஞ்சாதி றஹ்மாவையும் புள்ளயளையும் ஏத்திக்கொண்டு மூதூர்ப் பக்கம் போயிருவன். பிறகு இந்தக் கரைக்கு நான் வரமாட்டன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமி என்ன சொன்னா தெரியுமா? கையைத் தட்டிச் சிரித்தா அத்தான். "பாத்தியே, என்ர பிள்ளை சொன்ன மாதிரியே விலை இறங்குது! நாப்பது இருவதாப்போச்சு. இன்னும் ரெண்டு கிழமை நிண்டா பத்துக்கு வரும்" என்றா. மாமி, அவர் மனமிரங்கிக் கேட்கிறார், விலை இறங்கவில்லை என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கிறா இல்லை. நீங்கள் எழுதினால்தான் திறப்பு என்கிறா.

நீண்ட காலம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இருப்பது ஐந்து கிழமை. இருபது கொடுத்தாலும் இருபது மிஞ்சும். மிச்சத்துக்கு என் காதில் கிடப்பதைக் கழற்றித் தருகிறேன், உங்கள் சோதனை நிற்காது. ஓம் என்று ஒரே ஒரு சொல் தந்தி அடியுங்கள். காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உங்கள்
யோகம்


கொழும்பு.
29.3.1942

அன்பின் யோகம்மாவுக்கும் அம்மாவுக்கும்,

நேற்று உமது கடிதம் கிடைத்தது. வாசித்ததும் துள்ளிவிட்டேன். நாற்பது இருபதாகிவிட்டதா! நான் சொன்னபோது நீர் நம்பவில்லை. மனமிரங்கிக் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர். விற்கிறவன் எவனும் தான் மனமிரங்குவதாகத்தான் நினைப்பான். உண்மையில் அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. போகவேண்டியவர்கள் போய் முடிந்துவிட்டார்கள், ஆகவே கூலி விழுகிறது. இதைத்தான் கோடு சொல்கிறது.

இன்னொரு சந்தோஷமான செய்தி. திருகோணமலை வள்ளக் கூலியையே உதாரணமாக வைத்துக் கட்டுரை எழுதிக் கொடுத்தேன். விரிவுரையாளர் அதை வகுப்பில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். புத்தகத்தில் இருப்பதை ஊரில் கண்டு எழுதியவர் இவர் ஒருவர்தான் என்றார்.  நீர் பக்கத்தில் இருக்கவில்லையே என்று நினைத்தேன்.

முதலாம் தேதி அவர் போகட்டும். போகிறேன் என்பது வியாபாரப் பேச்சு, திரும்பி வருவார். அவர் வராவிட்டால் வேறொருவர் வருவார். வருஷப்பிறப்புக்கு முன் பத்து ரூபாவுக்கு நீர் திரியாயில் இருப்பீர். அம்மா, நீங்கள் செய்தது சரி. பொறுத்திருங்கள்.

அன்புடன்
கோணாமலை


கொழும்பு.
6.4.1942

யோகம்,

நேற்றுக் காலை இங்கே குண்டு போட்டார்கள். உயிர்த்த ஞாயிறு, கோயில் மணி அடிக்கும் நேரம். எனக்கு ஒன்றுமில்லை. நான் இருந்த இடத்துக்குத் தூரம்தான். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். நான் எழுதியதையெல்லாம் கிழித்துப் போடும். உடனே வெளிக்கிடும். நாற்பதையும் கொடும். ஐம்பது கேட்டால் காதில் கிடப்பதையும் கொடும். அம்மா, திறப்பை அவளிடம் கொடுங்கள், இது என் கையெழுத்து, நான்தான் சொல்கிறேன். எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தந்தி அடிக்கப் போனேன். கந்தோருக்குள் கால் வைக்க ஏலாத சனம். நாளைக்கும் போவேன்.

கோணாமலை


கொழும்பு.
12.4.1942

யோகம்,

திருகோணமலையிலும் ஒன்பதாம் தேதி போட்டுவிட்டான் என்று சொல்கிறார்கள். எண்ணெய்த் தாங்கி இன்னும் எரிகிறதாம். தந்தி அடிக்கக் கடைசிவரை முடியவில்லை. மூன்று நாளாக மருதானை ஸ்டேஷனில் நிற்கிறேன், அந்தப் பக்கம் போக டிக்கட் தருகிறார்கள் இல்லை. நடந்தாவது வருகிறேன் என்றால் எங்கே வருவது? நீர் வீட்டில் இருக்கிறீரா, திரியாயில் இருக்கிறீரா? என் கடிதம் கிடைத்ததா? மஜீத் காக்கா திரும்பி வந்தாரா? இரண்டு இடத்துக்கும் ஒரே கடிதத்தைப் பிரதி எடுத்து அனுப்புகிறேன். ஒரு சொல் எழுதும். என்னைத் திட்டியாவது எழுதும்.

உமது
கோணாமலை


திரியாய்.
24.4.1942

கோணாமலை அவர்களுக்கு,

உங்கள் ஆறாம் தேதிக் கடிதம் ஊர் சுற்றி இருபதாம் தேதி இங்கே வந்தது. எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று எழுதியிருந்தீர்கள். மாமிக்கு வாசித்துக் காட்டினேன்.

பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தில் என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லுகிறேன். முதலாம் தேதி விடிய மஜீத் காக்கா சொன்னபடி கரையில் நின்றார். வெயில் ஏறுமட்டும் நின்றார். பத்து மணிக்குத் தபால்காரர் உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்தார். அதை வாசித்துக் காட்டினேன். மாமி திறப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டா. நான் கரைக்குப் போய், அவர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார் காக்கா என்றேன். அவர் வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளினார். பாயை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

கொழும்பில் குண்டு விழுந்த கதை வந்த அன்றே மாமி அலுமாரியைத் திறந்தா. அன்றிலிருந்து மூன்று நாளும் நாற்பது ரூபாவைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்றா. பத்துக்கு வள்ளம் வரும் என்றீர்களே. நாற்பதுக்கும் இல்லை, எதற்கும் இல்லை. வாங்க ஒருவரும் இல்லாத காசு எப்படி இருக்கும் என்று உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை காலை ஏழு மணி இருக்கும், குசினியில் அடுப்பு மூட்டினேன். பிறகு என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. ஓடு எல்லாம் கொட்டுண்டது. மாமி என்மேல் விழுந்து மூடிக்கொண்டா. சத்தம் நின்றபிறகு எழும்பிப் பார்த்தால் துறைமுகப் பக்கம் வானமே இல்லை, புகை. எல்லாரும் வடக்கே நடந்தார்கள். நாங்களும் நடந்தோம். உப்புவெளி தாண்டியதும் பேற்று நோ தொடங்கிவிட்டது. சல்லிக்குப் போகிற வழியில் பத்மாசனி என்று ஒரு மீன்காரப் பெண், முன்பின் தெரியாதவ, தன் குடிசைக்குள் கூட்டிக்கொண்டு போனா. மருத்துவிச்சி எங்கே? அவ ஊரை விட்டுப் போய் ஒரு மாதம்.

ஆண்பிள்ளை. உங்கள் நெற்றி. அழவில்லை. மாமி முழங்காலில் நின்று, "அழு ராசா, ஒருக்கால் அழு" என்று அவன் உள்ளங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தா. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பத்மாசனிதான் மாமியின் கையைப் பிடித்து விலக்கினா.

என்னைப் பெற்ற ஐயா கேள்விப்பட்டு வந்து, நாலாம் நாள் என்னை வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். இப்போது குலுங்கினால் என்ன. மாமியும் என்னோடுதான் இருக்கிறா. அந்த நாற்பது ரூபா அவவின் முந்தானையில் முடிந்தபடி இருக்கிறது. அவிழ்க்கவும் இல்லை, அதைப்பற்றிக் கதைக்கவும் இல்லை. ஒழுங்காகச் சாப்பிடுகிறா இல்லை.

ஒன்று கேட்கவேண்டும். எங்கள் வள்ளத்தைப்பற்றிக் கட்டுரை எழுதினீர்களே, அதில் நான் இருந்தேனா? அதை மட்டும் சொல்லுங்கள்.

யோகம்மா


கொழும்பு.
30.4.1942

யோகம்,

நீர் இருக்கவில்லை. "நகரை விட்டு வெளியேற விரும்பும் ஒரு குடும்பம்" என்று எழுதினேன். மருத்துவிச்சி சொன்னதை எழுதவில்லை. ஐந்தாம் மாதத்தை எழுதவில்லை. எழுதியிருந்தால் விடை அப்படி வந்திராது, வேறு விதமாக வந்திருக்கும். எழுதும்போதே அது எனக்குத் தெரிந்திருக்கிறது போல. இப்போது யோசித்தால் தெரிந்துதான் இருந்தது.

இன்னும் ஒன்று. மார்ச் இருபத்தெட்டாம் தேதி, இருபது ரூபா என்று நீர் எழுதிய கடிதம் வந்ததும் தந்திக் கந்தோருக்குப் போனேன். தாளில் ஓம் என்று எழுதியும்விட்டேன். வரிசையில் நிற்கும்போது அன்று காலை வகுப்பில் எனக்குக் கிடைத்த புகழ் நினைவுக்கு வந்தது. இப்போது ஓம் என்றால் நான் எழுதியது பொய்யாகிவிடும் என்று பட்டது. தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு வந்தேன். இதை உமக்குச் சொல்லாமல் இருக்கலாம். சொல்லாமல் இருந்தால் எனக்கு விசர் பிடித்துவிடும்.

படிப்பை விட்டுவிட்டேன். புத்தகங்களை விற்றுவிட்டேன். வருகிற கிழமை ரயில் வண்டி விடுவார்களாம். திரியாய்க்கு வருகிறேன். உமது காலில் விழுகிறேன், அம்மாவின் காலில் விழுகிறேன். அடிக்கவேண்டுமானால் உமது ஐயா அடிக்கட்டும். பிள்ளையை வைத்த இடத்தை எனக்குக் காட்டும். வரச்சொல்லி ஒரு வரி எழுதும். நீர் எழுதாமல் நான் வரமாட்டேன், எனக்கு அந்த உரிமை இல்லை.

கோணாமலை


திரியாய்.
8.5.1942

கோணாமலை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. தபால்காரர் தரும்போது மாமி பக்கத்தில் இருந்தா. "வாசி" என்றா. இங்கு வந்தபிறகு அவ வாய் திறந்து கேட்ட முதல் சொல் அது.

வாசித்தேன். அம்மா, நான் சுகம். சோதனை கிட்டி வந்துவிட்டது. கட்டணத்தை ஒரு சிநேகிதர் கட்டிவிட்டார், நீங்கள் யோசிக்கவேண்டாம். வண்டி விடுகிறார்கள் இல்லை, இந்த வருஷம் வர ஏலாது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இப்படி வாசித்தேன். "திறப்பைப்பற்றி ஏதும் எழுதியிருக்கிறானோ?" என்று கேட்டா. இல்லை என்றேன். அது ஒன்றுதான் உண்மை. "அப்ப சரி" என்றா. பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை என் அம்மாவிடம் கொடுத்து, வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னா. அன்று இரண்டு கவளம் சோறு சாப்பிட்டா.

ஏப்ரல் முதலாம் தேதியும் நான் இப்படி வாசித்திருக்கலாம். பொறு என்று நீங்கள் எழுதியதைப் போ என்று வாசித்திருந்தால் மாமிக்கு என்ன தெரியும்? கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை நினைத்தும் பார்த்தேன். பிறகு எழுதியிருந்ததையே வாசித்தேன். வாய்க்கு வாய் உங்களோடு வழக்காடினேனே தவிர, அடிமனதில் நானும் உங்களைத்தான் நம்பினேன். படித்தவர், என் புருஷன், எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும் என்று இருந்தேன். ஆனபடியால் மாமியைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. உங்களை மட்டும் சொல்லவும் ஏலாது. ஆனால் உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு இனி ஏலாது.

பிள்ளையை வைத்த இடம் எனக்கே தெரியாது. பத்மாசனியின் புருஷன்தான் கொண்டுபோனவர். நான் கேட்கவில்லை. நீங்களும் போய்க் கேட்கவேண்டாம்.

மாமியை நான் பார்த்துக்கொள்வேன். நீங்கள் எழுதினால் எழுதுங்கள், அவவுக்குக் கடிதம் வரவேண்டும். என்ன எழுதினாலும் நான் சோதனை என்றும் சுகம் என்றும்தான் வாசிப்பேன். வரச்சொல்லி ஒரு வரி கேட்டீர்கள். வரவேண்டாம்.

இராசையா மகள்
யோகம்மா